அன்னாசி போட்ட கஸ்டர்ட் பை

என் கணவருக்குக் காக்கா பிடிக்கும் ஆசை உண்டு; அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாது. அறுபதுகளில் நாங்கள் அந்தமானில், சிப்பிகாட்டில் ஒரு தகர வீட்டில் இருந்தோம். கிணறு சரிவுக்குக் கீழே. மழைக்காலச் சேற்றில் குடத்தோடு ஏறி ஏறி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்போது போர்ட் பிளேரில், சமையலறையிலேயே குழாய் வைத்த குவார்ட்டர்ஸ் ஒன்று காலியானது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது இவருடைய மேலதிகாரியின் கையில். எனக்கு அந்தக் குழாய் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அதிகாரி திருச்சிப் பக்கத்து ஆள். கல்கத்தாவில் ஒரு பெரிய ஓட்டலில் கஸ்டர்ட் பை சாப்பிட்டதை ஆபீசுக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். இவர் அதை வாய்பிளந்து கேட்டுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், கஸ்டர்ட் பை செய்துவிடு என்றார். ஏதோ உப்புமா கிண்டச் சொல்வதைப் போல.

கஸ்டர்ட் பவுடர் டப்பாவோடு வந்த காகிதத்தில் செய்முறை இருந்தது. பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசைந்து தட்டில் அழுத்த வேண்டும்; அதன்மேல் காய்ச்சி ஆறவைத்த கஸ்டர்டில் டின் அன்னாசியைக் கலந்து ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை, கடையில் டின் பழம் இல்லை என்றேன்.

"டின் எதுக்குடி? ஊர் பூரா அன்னாசி கெடக்கு. தாஜாவா, புதுப் பழமா அறுத்துப் போடு," என்றார், எல்லாம் தெரிந்தவர்.

போட்டேன். குளிரவைக்க, மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கவிச்சி போக மூன்று தடவை கழுவி, உப்புப் போட்டு, வாளியில் தட்டை இறக்கி மூடிவைத்தேன். திறந்தபோது மஞ்சள் தண்ணீரில் பிஸ்கட் ஊறிக் கிடந்தது. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து மாதிரிக் கசப்பு. குழாய் போயிற்று என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவரோ அதைக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பல்லிளித்தார்.

அதிகாரி ஒரு கரண்டி விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பில்குல் இதேதாம்மா. கல்கத்தால நான் சாப்பிட்டது இதே டேஸ்ட்."

அவர் ஜென்மத்தில் கஸ்டர்ட் பையைக் கண்ணால் கண்டதில்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணத்தை வழித்துத் தின்றார், பாவி. இவர் பக்கத்தில் நின்று ஆமாம் சாப், ஆமாம் சாப் என்று தலையாட்டினார். அந்த மாதமே குவார்ட்டர்ஸ் எங்களுக்குக் கிடைத்தது.

மிச்சமிருந்த அன்னாசியைப் பிறகு சர்க்கரையில் வேகவைத்துக் கஸ்டர்டில் கலந்து பார்த்திருந்தேன். கசக்கவில்லை, தண்ணீர் விடவில்லை. புது வீட்டுக்கு அதிகாரி சாப்பிட வந்தபோது அப்படியே செய்தேன். கத்தி வைத்தால் துண்டு துண்டாக வந்தது. இனிப்பும் புளிப்புமாக, நானே செய்ததா என்று எனக்கே ஆச்சரியம். அவர் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"அந்த ருசி இல்லையே. குவார்ட்டர்ஸ் கெடச்சதும் கை மாறிப்போச்சாம்மா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. சமையலறைக்குள் வந்து, பழையபடியே செய்துதொலை, இந்த வீட்டில் இருக்க வேண்டாமா என்று என்னிடம் சீறினார்.

அந்தப் பையை என் பிள்ளைகள் தட்டு பளபளக்கத் தின்று தீர்த்தார்கள். அதற்குப் பிறகு அதிகாரி வந்தபோதெல்லாம் வேகாத அன்னாசியைத்தான் போட்டேன், கசப்பு குறையாமல் பார்த்துக்கொண்டேன். அவர் சப்புக்கொட்டித் தின்றுவிட்டுப் போன கிண்ணத்தை, நான் ஆசைப்பட்ட அந்தக் குழாயடியில் கழுவினேன்.