குயிலைச் சாட்சிக்கு அழைத்த அப்பா

சித்திரை வெயிலில் எங்கள் தெரு வேப்பமரத்துக்குள்ளிருந்து குயில் கூவினால் ஊருக்கெல்லாம் இனிக்கும். எனக்கு மட்டும் காது மடல் பற்றி எரியும்.

சின்னசேலத்துக்கு அருகே எங்கள் ஊரில், மார்கழி பஜனைக்கு அப்பாதான் முன்பாட்டுக்காரர். தம்பி சேகரை மூன்று வயதிலிருந்தே தோளில் தூக்கிக்கொண்டு போவார். கையில் "ஜால்ரா"வைக் கொடுத்து, சுருதி பிசகினால் தொடையில் தட்டித் திருத்துவார். அந்த விடியற்காலைகளில் நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்பில், ஆண்டு விழாப் பாட்டுக்கு நிற்கவைத்த டீச்சர், "நீ வாயை மட்டும் அசைடி, சத்தம் வரக்கூடாது" என்றார். அழுதுகொண்டே வந்து, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அப்பாவைக் கேட்டேன். பஜனைக்காரர்கள் நாலு பேர் முன்னால் ஒரு அடி பாடச் சொன்னார். பாடினேன். சிரித்தார்கள்.

"குயிலுக்கு எவன் கத்துக் குடுத்தான்? காக்கா கூட்டுல வளந்துகினு தன்னால கூவுது பாரு. பாட்டு பொறப்புல வரணும். சேகருக்கு ரத்தத்துலயே இருக்குது. உனக்கு இல்லம்மா, வுட்டுடு" என்றார் அப்பா.

அன்றோடு தெருவில் எனக்குக் "கட்டத்தொண்ட" என்று பெயர். துணி துவைக்கும்போதுகூட அதற்குப்பின் நான் முணுமுணுத்ததில்லை.

வளர்ந்து, கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை ஆனேன். பாடம் எடுப்பதற்காகப் படித்தபோதுதான் தெரிந்தது: பாடும் பறவைகள் குஞ்சுப் பருவத்தில் பெரிய பறவையின் பாட்டைக் கேட்டு, உளறி, திருத்திக்கொண்டுதான் கற்கின்றனவாம், பாட்டே காதில் விழாமல் வளர்ந்தால் கோணல்மாணலாகக் கத்துமாம். கேட்காமலே கூவுகிற குயில் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியே இல்லை. மனிதக் குழந்தையும் தாளத்துக்குக் காலாட்டப் பிறந்ததுதான், ஆனால் ராகத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கிறது. உலகத்தில் இத்தனை பறவை இருக்க, என் அப்பாவுக்கு அந்தப் பாழாய்ப்போன குயில்தானா கிடைத்தது! சேகருக்குப் பாட்டு வந்தது அவர் தோளில் உட்கார்ந்து.

ஒரு பொங்கலுக்குப் போனபோது இதைச் சொன்னேன். "அப்புடியா? இருந்துட்டுப் போவுது. இனிமே பாடி நீ இன்னா பண்ணப் போற?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

இன்று அந்த வேப்பமரம் இல்லை, "ப்ளாட்" போட்டுவிட்டார்கள். பஜனையும் ஸ்பீக்கரில் ஓடுகிறது. அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

போன வருஷம் அப்பா செத்துப்போனார். எங்கள் தெருவில் தகப்பனுக்கு மகள்தான் முதல் ஒப்பாரி எடுக்க வேண்டும். "எடும்மா, பாடி அனுப்பு உங்கப்பன" என்று சித்தி தோளைப் பிடித்து உலுக்கினாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். அன்று சிரித்த பஜனைக்காரர்கள் நாலு பேரின் சிரிப்புதான் காதில் விழுந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டுச் சித்தியே பாடத் தொடங்கினாள்.

நான் வாயை மட்டும் அசைத்தேன்.