இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு

கலாவதி எங்கள் செம்பனை ஆலையில் வைஃபையைப் பார்த்துக்கொள்பவள். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள். நான் அதே ஆபிஸில் தேநீர் போடுகிறேன். அவளைக் கவனித்துக்கொண்டே இருப்பேன்.

எடைமேடையில் லோரி ஏறியதும் ஒரு கைக்கருவி செம்பனைக் குலைகளின் எடையை வைஃபை வழியே ஆபிஸுக்கு அனுப்பும். அந்த வைஃபையை எங்கிருந்து நிர்வகிப்பது என்பதில்தான் இழுபறி. தலைமையகம் கிளவுட் வேண்டும் என்றது. கோலாலம்பூரிலிருந்தே இணையம் வழியே எல்லாம் நடக்கும். லைசன்ஸை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மழைக்கு வெளி இணைப்பு அறுந்துபோகும் இடம் இது, ஆபிஸிலேயே வைஃபையை நிர்வகிக்கும் ஒரு பெட்டி வைப்போம் என்றாள் கலாவதி. கிளவுட் வந்தால் அவளுக்கு இங்கே வேலையில்லை.

முடிவு செய்யத் தலைமையகத்திலிருந்து வாசு என்ற அதிகாரி வந்தார். சோதித்துப் பார்க்க எடைமேடையில் இரண்டு ஆன்டெனாக்கள். ஒன்று கிளவுடுக்கு, மற்றது பெட்டிக்கு. தஞ்சோங் காராங் பக்கம் வானம் கறுத்திருந்தது. கலாவதி விளக்க ஆரம்பித்ததும் முதல் இடி. பெட்டியின் விளக்கு அணைந்தது.

காவலாளி உடையப்பன் கையில் பிளக்கோடு நின்றார். இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவது தோட்டத்து ஆட்களின் பழக்கம்.

வாசு சிரித்தார். "கிளவுட்ட யாரும் பிடுங்க முடியாதுலா."

கலாவதி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த இடியில் கட்டடமே அதிர்ந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த இணைய மோடம் கருகி நாறியது. அதை மட்டும் உடையப்பன் பிடுங்கியிருக்கவில்லை. எடைமேடையில் கைக்கருவி மழையில் நனைந்து செத்தது. புதியதை வைஃபையில் சேர்த்தால்தான் லோரி நகரும்.

வாசு தன் கைப்பேசி டேட்டாவில் கிளவுடைத் திறந்து புதுக் கருவியைச் சேர்த்தார். ஆலையில் வெளி இணைப்பு இல்லாததால் அந்தப் பதிவு ஆன்டெனாவுக்கு வந்து சேரவில்லை. லோரிகள் ஆலை வாசல்வரை வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன.

"பெட்டிய மாட்டும்மா" என்றார்.

"பொறுங்க சார். இன்னும் இடிக்குது."

அவர் முகம் கடுத்தது. ஆனாலும் அவள் பிளக்கைத் தொடவில்லை. வாசலில் நின்று வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்த உடையப்பன் ஒருவழியாகத் தலையாட்டினார். அவள் மாட்டினாள். சிவப்பு விளக்கு வெகுநேரம் சிவப்பாகவே இருந்து, பிறகு பச்சையானது. புதுக் கருவி சேர்ந்தது. முதல் லோரி மேடையில் ஏறியது.

பெட்டியே இருக்கட்டும் என்று வாசு எழுதிக்கொண்டார். "இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் சார்."

"பிளக்குக்கு?"

கலாவதி வாசலைப் பார்த்தாள். "அது உடையப்பன் மாமா."