நுரை இல்லாத சாயை

“ஆத்தாண்டாம் மாமா, அப்படியே தாருங்க” என்று ஷைனா சொல்வதற்குள் செல்லசாமியின் கை உயர்ந்துவிட்டது. காஞ்சிரங்குளம் சந்திப்பில் அவருடைய சாயைக்கடை. தேநீரை ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றி, கண்ணாடி டம்ளரின் மேல் இரண்டு விரல் நுரை நிற்க வைப்பது அவருடைய பெருமை.

“பதையில்லாத சாயைய யாரு குடிப்பாவ? தீனத்தில படுத்தவளுக்குக் குடுக்கிய மாதிரில்லா இருக்கு.”

“பதையக் கண்டா எனக்குப் பயமாக்கும்.”

காலை ஆறரைக்குப் பூவாரிலிருந்து வந்து இங்கே பஸ் மாறுவாள். மே மாத வெயிலிலும் பையில் அண்ணனின் கம்பளிச் சட்டை இருக்கும். “என்ன மக்கா, ஊட்டிக்கா போறே?” என்பார் செல்லசாமி. அவள் போவது திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் குளிர் அறைக்கு. அங்கே நான்கு டிகிரி. பகலில் பாதி அதற்குள்தான் போகும். வெளியே வந்தால் விரல்கள் அரை மணி நேரம் மடங்காது.

மனிதரின் ஈரலில் நஞ்சைக் கழிக்கும் ஒரு நொதி உண்டு. அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்த நொதியைப் பாக்டீரியாவையே செய்ய வைக்கிறார்கள். பிறகு பாக்டீரியாவை உடைத்து நொதியைப் பிரித்தெடுக்க வேண்டும். அதுதான் ஷைனாவின் வேலை. “யாருக்க தீனத்துக்கு மருந்து?” என்று ஊரில் கேட்டால், “யாருக்கும் இல்ல. ஆராய்ச்சிக்கு மட்டுமாக்கும்” என்று சலிப்போடு சொல்வாள். கேட்டவர் முகம் வாடுவதையும் பார்ப்பாள்.

அந்த நொதிக்கு இரண்டு பகை: நுரையும் சூடும். குழாயைக் குலுக்கினால் நுரைக்கும். நுரைத்தால் நொதி செத்துவிடும். அதனால் குழாயை மெல்லச் சாய்த்து, மெல்ல நிமிர்த்துவாள். அப்படிச் செய்தும் மூன்று முறை தோற்றாள். நொதி கிடைத்தது, ஆனால் உயிரில்லை. உயிர் இருந்தால் சோதனை நீர் மஞ்சளாக வேண்டும். மூன்று முறையும் அது நிறமில்லாத வெறும் தண்ணீராகவே நின்றது.

“இந்தத் தடவையும் இல்லெங்கில் நிறுத்தாம்” என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர். நிறுத்தினால் ஷைனாவின் தற்காலிக வேலையும் நின்றுவிடும். பிறகு அந்த அறைக்குள் அவளுக்கு இடமில்லை.

நான்காம் முறை, பாக்டீரியாவை உடைக்கும் அதிர்வுக் கருவியின் கீழே குழாயை வைக்கும்போது, சுற்றியிருந்த ஐஸை உற்றுப் பார்த்தாள். எல்லாம் பெரிய கட்டிகள். இடையிலே வெறும் காற்று. குழாயின் பாதி ஐஸைத் தொடவே இல்லை. அதிர்வில் ஏறும் சூடு எங்கே போகும்? ஒரு சாக்கில் கட்டிகளைக் கொட்டி, தரையில் வைத்து, மரக்கட்டையால் அடிக்கத் தொடங்கினாள்.

கூட வேலை செய்யும் பாறசாலைக்காரி நீது ஓடி வந்தாள். “எட்டியே, இது லேபாக்கும், பூவார் கடப்புறத்து மீன்சந்தை இல்ல!”

“கடப்புறத்தில மீன இப்பிடிப் பெரிய கட்டி ஐஸில வச்சா எங்க அம்மை கைய ஒடிச்சிருவா.”

பொடித்த ஐஸில் கொஞ்சம் தண்ணீரும் விட்டுச் சேறாக்கி, குழாயைக் கழுத்து வரை புதைத்தாள். பத்து விநாடி அதிர்வு, அரை நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு ஓய்விலும் ஐஸை விரலால் அணைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் சோதனை நீர் மஞ்சளானது. நீது கத்தினாள். ஷைனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, குப்பி குப்பியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தேதியும் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்றும் எழுதி உறைபெட்டியில் அடுக்கினாள்.

மாலை காஞ்சிரங்குளத்தில் இறங்கி நேராகச் சாயைக்கடைக்குப் போனாள்.

“மாமா, இன்னைக்கு நல்லா ஆத்தித் தாருங்க.”

“தீனம் மாறியாச்சா?”

“உயிரு வந்தாச்சு.”

அவளுக்கு உடம்பு தேறிவிட்டதாகச் செல்லசாமி எடுத்துக்கொண்டார். அன்று வழக்கத்தைவிட இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்தார். நுரை விளிம்பைத் தாண்டி நின்றது. ஷைனா டம்ளரை வாங்கினாள். களைப்பில் கண்கள் செருகின. கை மட்டும் தன் போக்கில் டம்ளரை மெல்லச் சாய்த்தது, மெல்ல நிமிர்த்தியது. நுரை முழுவதும் அடங்கும்வரை அவள் அதை வாயில் வைக்கவில்லை.