சோனாங்குப்பத்துக்காரர் வாங்கிய ஜிலேபி

கடலூர் சோனாங்குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்து, சிதம்பரத்தில் பள்ளிக்கூட அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் திருநாவுக்கரசுக்கு வலை வீசத் தெரியாது. படகில் ஏறினால் தலை சுற்றும். ஆனால் மீன் பேச்சு வந்துவிட்டால் வாய் ஓயாது. குளத்தில் வளர்க்கிறதை அவர் மீன் என்றே சேர்த்துக்கொண்டதில்லை. துறைமுகத்தில் மீன் விற்கும் அக்கா ஜெயராணிதான் வாராவாரம் பஸ்ஸில் வந்து மீன் கொடுத்துவிட்டுப் போவாள். வேறு இடத்தில் வாங்கினால் அக்காவுக்கு அது அவமானம்.

மனைவி மகேஸ்வரிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபின் இந்தப் பெருமையெல்லாம் சந்தி சிரித்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு கடல் மீன் வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. ஆறு கிலோ இளைத்துவிட்டாள். எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்றார் டாக்டர். "வாசன ஜாஸ்தி இல்லாத வளர்ப்பு மீனாக் குடுத்துப் பாருங்க. ஜிலேபி மாதிரி. வெலயும் கம்மி."

ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே வளர்ப்பு மீன் கடைக்குள் நுழைந்தார் திருநாவுக்கரசு. தொட்டியில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பழக்கதோஷத்தில் ஒன்றைத் தூக்கி, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். மீன் வாலால் ஹெல்மெட்டில் ஓர் அறை விட்டது.

"உசுரோட நீந்துற மீனுக்கு செவுளு பாக்குற ஆள இன்னிக்குத்தாண்ணே பாக்குறேன்," என்று சிரித்தாள் கடைக்கார அமராவதி. "எந்த ஊரு?"

"காட்டுமன்னார்கோயில்," என்று கூசாமல் புளுகினார்.

அவள் மீனின் வயிற்றைக் கீறி, உள்ளே ஒட்டியிருந்த கறுப்புத் தோலைக் காட்டினாள். "இதச் சொரண்டிட்டா சேத்து வாசன வராது. புளி ஊத்திக் கொதிக்க உட்டுடாதீங்க, கரைஞ்சிடும்."

இவளா எனக்குச் சொல்லிக்கொடுப்பது? வீட்டுக்கு வந்ததும் வேலைமெனக்கெட்டுப் புளியைத்தான் கரைத்தார். கொதித்த வேகத்தில் மீன் கரைந்து கூழானது. நெடி தாங்காமல் மகேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பட்டினி கிடக்கிறாள், நான் சோனாங்குப்பத்துப் பெருமையைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

மிச்சமிருந்த மூன்று துண்டுகளில் உப்பும் மஞ்சளும் துளி மிளகும் தடவி, வாழையிலையில் மடித்து இட்லிப் பானையில் வேகவைத்தார். இரண்டு துண்டுகளை முள்ளெடுத்து, குழைந்த சோற்றோடு கொண்டுபோனார். ஒரு வாய் வாங்கினாள். குமட்டவில்லை. தட்டு காலியானதும், "இன்னொரு துண்டு இருக்குதாங்க?" என்று கேட்டாள். அவர் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதுவிட்டுத்தான் அதை எடுத்துவந்தார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "ஏந்தம்பி, மகேசு எதுனா சாப்ட்டாளா?"

"மூணு துண்டு மீனு சாப்ட்டாக்கா."

"என்னா மீனு?"

வஞ்சிரம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "ஜிலேபிக்கா. வளப்பு மீனு. கடையில வாங்கனேன்."



"அது எங்க கெடைக்கும்னு சொல்லு," என்றாள் ஜெயராணி. "காலையில நானே வாங்கிக்கினு வர்றேன்."