ஊறுவதற்குள்

உருளைக்கிழங்கும் சீஸும் கரைந்த லோக்ரோ சூப்பில் ஒரு துண்டு பட்டர் ஃப்ரூட்டை வைத்து, மேலே பாப்கார்னைத் தூவினேன். ஈக்வடாரில் இப்படித்தான் சாப்பிடுவார்களாம். கல்யாணமாகிப் போன புதிதில் என் மகள் நித்யா வீடியோ காலில் காட்டிச் சிரித்தாள். "சூப்புல பாப்கார்ன்மா! உன் மாப்பிள்ளை ஊர்க் கூத்தப் பாரு."

அந்த மாப்பிள்ளை போன மாதம் அங்கே சாலை விபத்தில் இறந்துவிட்டார். நித்யாவை பிரேசர் டவுனுக்கு, எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். எதைச் சமைத்தாலும் தொடமாட்டேன் என்கிறாள்.

சூடான சூப்பில் பாப்கார்ன் விழுந்து மெல்லச் சீறியது. அதே சத்தத்தை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன். அப்பா இறந்து, எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்கள். பெரியம்மா தூக்குவாளியில் மிளகு ரசம் கொண்டுவருவாள். ஊதுபத்திப் புகையையும் மீறி அதன் காரம் மூக்கில் ஏறும். அம்மா வாயைத் திறக்கமாட்டாள். பெரியம்மா ஒரு கைப்பிடி பொரியை ரசத்தில் போட்டு, "சீக்கிரம் முழுங்குடி, ஊறிப்போச்சுன்னா நாய்கூட திங்காது" என்று அதட்டுவாள். அம்மா அழுதுகொண்டே விழுங்குவாள்.

நானும் கிண்ணத்தை நித்யாவின் முன் வைத்தேன். "ஊறுறதுக்குள்ள சாப்பிட்டுடு கண்ணு."

"அவனுக்கு ஊறினாத்தாம்மா புடிக்கும்" என்றாள்.

கிண்ணத்தை எதிரே இருந்த காலி நாற்காலியின் பக்கம் நகர்த்திவிட்டு, அது ஊறுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.