நான்கு விளக்கு, பதினான்கு கேரியர்

எனக்குத் தேவைப்பட்டது பதினைந்து கிலோமீட்டர். மயிலாப்பூர் மெஸ்ஸிலிருந்து தி.நகர், அங்கிருந்து கோட்டூர்புரம் பாலம் ஏறி அடையாறு, பிறகு அடையாறு பாலம் தாண்டி மந்தைவெளி வழியாகத் திரும்ப மெஸ். பதினான்கு டிபன் கேரியர்களில் மதியச் சாப்பாடு. கடைசி வீட்டுக்கு ஒரு மணிக்குள் போய்விட வேண்டும். மெஸ் நடத்திய அக்கா, திங்கட்கிழமை ஒருநாள் வேலை கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். சரிப்பட்டால் வேலையும் எனக்கு, மாடியில் இருந்த சின்ன அறையும் எனக்கு. இல்லையென்றால் பைக் வைத்திருந்த இன்னொருவருக்கு. கிண்டியில் காவலாளி வேலை போனதிலிருந்து நான் ஒரு லாரி ஷெட்டில் படுத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் வேறு தொடங்கவிருந்தது.

சைக்கிள் என்னிடம் இருந்தது, ஆனால் கால் இல்லை. குண்டூரில் மிளகாய் மூட்டை இறக்கிய காலத்தில் வலது முழங்கால் போய்விட்டது. அவ்வளவு பாரத்தோடு பதினைந்து கிலோமீட்டர் மிதித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. அதனால்தான் மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் பொருத்திய பழைய பின்சக்கரம் ஒன்று கிடைத்தது. பேட்டரிக்குத் தேனாம்பேட்டைப் பழைய சாமான் கடை. அங்கே ஆபீஸ்களில் கழித்துப்போட்ட யுபிஎஸ் பேட்டரிகள் வரும். ஒவ்வொன்றும் செங்கல் அளவு, செங்கல்லைவிடக் கனம். மூன்றைச் சேர்த்துக் கட்டினால் ஒரு செட். கைப்பிடியில் ஒரு மீட்டர், அதில் நான்கு விளக்கு.

அந்த நான்கு விளக்கும் என்னைப் பாடாய்ப் படுத்தின. சிக்னலில் நிற்கும்போது மூன்று எரியும். பச்சை விழுந்து கைப்பிடியைத் திருகினால் ஒன்றாகிவிடும். அடுத்த சிக்னலில் நின்றால் மறுபடி மூன்று. எது உண்மை? நிற்கும்போது இருப்பதா, ஓடும்போது இருப்பதா? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதைக் கேட்க ஆளும் தெரியவில்லை. பாரம் எதுவும் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்ததில் பத்து கிலோமீட்டரில் எல்லா விளக்கும் அணைந்தன.

சரி, இரண்டு செட் போட்டால் இருபது ஓடும் என்று கணக்குப் போட்டேன். அதே கடையில் இன்னும் மூன்று வாங்கி, பின்பக்கம் தகரப்பெட்டி அடித்து அதற்குள் வைத்தேன். பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டதால், மெஸ்ஸில் இரவல் வாங்கிய காலி கேரியர்களில் பத்துதான் மாட்ட முடிந்தது. அவற்றில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். பதின்மூன்றாவது கிலோமீட்டரில், அடையாறு பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பேட்டரி இரண்டு மடங்கு, தூரம் மூன்று கிலோமீட்டர்தான் கூட. மீதி ஏழு எங்கே போயிற்று?

ஆழ்வார்பேட்டையில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, சோறு ஏத்திக்கினு போறியா, பேட்டரிய ஊர்கோலம் இட்னு போறியா?"

"தூரம் பத்தலணா."

"எப்டிப் பத்தும்? ரெண்டாவதா வாங்கின, அது செத்த பேட்டரி. செத்தத நல்லதோட கட்டினா, நல்லதத்தான் குடிக்கும். அதத் தூக்கிக்கினு போறதுக்கே பாதி கரண்ட் பூடும்."

"அப்போ கழட்டிறட்டா?"

"கழட்டினா பதினஞ்சு போவாது."

"அப்போ வச்சுக்கட்டா?"

"வச்சா கேரியர் ஏறாது."

"இன்னாதான்ணா பண்றது?"

"பைக் வாங்கு," என்று சொல்லிவிட்டு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடப் போய்விட்டார்.

பத்து கேரியர் என்றால் மிச்ச நான்குக்கு இன்னொரு நடை போக வேண்டும். இன்னொரு நடை என்றால் தூரம் கூடும். தூரம் கூடினால் இன்னும் பேட்டரி வேண்டும். பேட்டரி ஏற்றினால் மிச்சக் கேரியர் நான்கு ஐந்தாகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே திரும்பத் திரும்ப யோசித்தேன். சைக்கிளில் பேட்டரியை மட்டும் ஏற்றிக்கொண்டு, சோறே இல்லாமல் பதினைந்து கிலோமீட்டர் போய் வருவதுபோல மனதுக்குள் ஒரு படம் வந்து வந்து போனது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குத் தகரப்பெட்டியோடுதான் மெஸ்ஸுக்குப் போனேன். பத்து கேரியர் மாட்டி முடித்ததும் அக்கா தரையில் மிச்சமிருந்ததைக் காட்டினார்.

"இந்த நாலயும் யார் தலையில வெக்கறது?"

"ரெண்டாவது நடைக்கா."

"ரெண்டாவது நடையா? அடையாறுல அந்த டீச்சரம்மா சக்கர வியாதிக்காரங்க. ஒரு மணிக்கு சாப்ட்டாவணும். ரெண்டு மணிக்கு நீ போய்ப் பெல் அடிப்பியா? அந்த டப்பாவ எறக்கு."

"எறக்கினா வண்டி நடுவுல நின்னுடும்கா."

"நின்னா தள்ளு. எறக்குடான்றேன்!"

இறக்கினேன். பதினான்கும் ஏறின. ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது நல்ல காலால் நான்கு மிதி மிதித்து, வண்டி நகர்ந்தபிறகே மோட்டாரைத் திருகினேன். தி.நகரில் எட்டு வீடு. கொடுத்த இடத்தில் எல்லாம் முந்தின நாள் காலி கேரியரை வாங்கி மாட்டிக்கொண்டேன். கோட்டூர்புரம் பாலத்தில் ஒரு விளக்கு, இறக்கத்தில் மூன்று. நான் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அடையாற்றில் ஐந்து வீடு முடித்து, கடைசியாக டீச்சரம்மா வீட்டு வாசலில் நின்றபோது ஒன்று ஆக ஐந்து நிமிடம். அவரிடம் கொடுத்துவிட்டு, தெருமுனை திரும்புவதற்குள் நான்கும் அணைந்தன.

அறை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அதில் பெரிய வருத்தமும் இல்லை, லாரி ஷெட் இருக்கவே இருந்தது. கொஞ்சம் மிதித்து, கால் வலித்தபோது தள்ளி, அடையாறு பாலத்தில் முழுக்கத் தள்ளி, மெஸ்ஸுக்கு வந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. அக்கா மறுநாளைக்குப் புளி ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"நின்னுட்ச்சுக்கா," என்றேன்.

"எங்க?"

"டீச்சரம்மா வீட்டாண்ட. குட்த்துட்டு வரும்போது."

"குட்த்துட்டல்ல?"

"குட்த்துட்டேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சுக்கினு நிக்கற? எல்லாரும் சூடா இருந்துச்சுனுதான் சொன்னாங்க. காலி கேரியர் நாளைக்கு மத்தியானந்தான வேணும்? அதுவரைக்கும் இன்னா அவசரம்? மூணு மணிக்கு வா, ஆறு மணிக்கு வா, உன்ன யார் தேடறாங்க?"

அவர் இரண்டு செட் கேரியரை நாள் மாற்றி நாள் புழங்குவது எனக்குத் தெரியும். அன்று நானே காலி கேரியர்களை மாட்டிக்கொண்டு வந்தேன். அப்படியும் திரும்பி வருவதற்கு அவசரமில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. இருபது வருடம் ஊர் ஊராகப் போனவன் நான், எந்த ஊருக்கும் திரும்பும் தூரத்தைக் கணக்கில் சேர்த்ததில்லை. இந்த ஒரு தடவை சேர்த்தேன், அதனால்தான் இத்தனை பாரத்தைச் சுமந்தேன் போலிருக்கிறது. அல்லது அதுவும் காரணமில்லையோ என்னவோ.

மாடி அறைச் சாவியைக் கொடுத்தார். சைக்கிளை நிறுத்தப் போனபோது கவனித்தேன், மீட்டரில் இரண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் சார்ஜ் போடவில்லை. பாலம் முழுக்க ஏன் தள்ளினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த இரண்டாவது பேட்டரி செட்டை மாடிக்கு நான்தான் தூக்கிப்போனேன். அறைக் கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும், அதற்கு இந்தச் செட்டையே முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அசையவே அசையாது.