கட்டில் முன்னறைக்கு வந்த நாள்

ராஜபாய் பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றவள். கணவன் வலியில் கத்திக் கத்திச் செத்த பிறகு, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், வலி மருந்து கொடுக்கவும் புண் கழுவவும் படித்துக்கொண்டாள். சந்தை முடிந்ததும் நோயாளி வீடுகளுக்கு நடப்பாள். கூலி வாங்கமாட்டாள். எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வீட்டுல இருந்தா அவருக்க சத்தம் கேக்குது அக்கா."

அமரவிளையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாணுலிங்கத்தின் மகள் ஆனந்தலட்சுமிக்குப் பதினைந்து வயது. கால் எலும்பில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத உள்ளறையில் கிடந்தாள். பார்க்க வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலே அம்மாவிடம்தான் பேசுவார்கள்.

ராஜபாய் வந்து மருந்து கொடுத்தாள். வலி அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு பிள்ளையிடமே கேட்டாள்.

"மக்கா, ஒனக்கு என்ன வேணும்?"

நோயில் கிடக்கிற பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? கஞ்சிப் பாத்திரத்தோடு நின்ற நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ரோடு பாக்கணும். கூடப் படிச்ச சுமியெல்லாம் ஸ்கூல் விட்டு வரும்லா."

அம்மா கோமளவல்லி தண்ணீருக்குப் போயிருந்தாள். ராஜபாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கட்டிலை முன்னறை ஜன்னலோரம் கொண்டு போட்டோம்.

எங்கள் பக்கம் கட்டில் முன்னறைக்கு வந்தால், ஆள் போகப்போகிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பிடித்தேன்.

ரோட்டில் போன ஊர்க்காரன் தங்கப்பன் ஜன்னல் வழியே கட்டிலைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டான். கோமளவல்லி குடத்தோடு திரும்புவதற்குள் வாசலில் அழுகை தொடங்கிவிட்டது. துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார ஒருவர் பெஞ்சுகூடச் சுமந்து வந்துவிட்டார்.

"எனக்க பிள்ளைய அனுப்பி வைக்கவா முன்னால கொண்டு போட்டிய? எடுங்க உள்ள!" கோமளவல்லி குடத்தை இறக்காமலே கத்தினாள்.

"பிள்ளகிட்ட கேளு. அவ சொன்னா எடுக்கேன்," என்றாள் ராஜபாய்.

கோமளவல்லி மகளைப் பார்த்தாள். ஆனந்தலட்சுமி சிரித்தாள்.

"நான் சொல்லித்தான் அம்மா. சாவ நேரமானா நானே சொல்லுவேன். இப்போ அந்த மாமி ஜன்னல மறைக்குது. கொஞ்சம் தள்ளி நின்னு அழச் சொல்லு."

சாவு என்ற சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோமளவல்லி குடத்தை இறக்கிவைத்தாள். வாசலுக்குப் போய், "ஸ்கூல் விடுத நேரமாக்கும். எல்லாரும் மாறி நில்லுங்க," என்றாள்.

சற்று நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கூட்டத்தைக் கண்டு பயந்து ரோட்டின் மறுபக்கமாக ஒதுங்கினார்கள். கோமளவல்லியே ரோட்டில் இறங்கினாள்.

"சுமி மோளே, இங்க வா! ஒன்னையாக்கும் பாத்துட்டு இருக்கா!"